அப்பா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்

புந்தா அரேனாஸ், சிலி
8 செப்டம்பர் 1961

மதிப்பிற்குரிய ஹல்வ்தன் பியர்க்கோ அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். 1930 முதல் 1932 வரை, திமிங்கில வேட்டைக்குப் போகாத மாதங்களில், எங்கள் ஊர்க் கப்பல் பட்டறையில் நீங்கள் வேலை பார்த்தீர்கள். பட்டறைக்குப் பின் தெருவில் துணி வெளுத்துக் கொடுத்த ரோசாலியாவை நினைவிருக்கும். நான் அவள் மகள் எல்விரா. உங்களுக்கும் மகள்.

அம்மா மே மாதம் தவறிவிட்டாள். தான் உயிரோடு இருக்கும்வரை உங்களுக்கு ஒரு வரி எழுதக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருந்தாள். அதனால்தான் இத்தனை வருடம் கழித்து இந்தக் கடிதம். உங்கள் பகுதிக் கப்பல் தலைவர் ஒருவர் விலாசம் கொடுத்தார். இங்கே ஒரு கப்பல் ஏஜென்சியில் நான் டைப்பிஸ்ட். உங்களிடம் எனக்கு எதுவும் தேவையில்லை. ஒரே ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்பானிஷ் உங்களுக்கு மறந்திருக்கும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்விரா ஒயார்சூன்


தோர்விக், சான்டெஃபியூர் அருகில், நார்வே
20 அக்டோபர் 1961

அன்புள்ள செல்வி எல்விரா அவர்களுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். உங்கள் தாயார் மறைவுக்கு என் அனுதாபங்கள். என் அம்மாவும் மூன்று வருடத்துக்கு முன் போய்விட்டார். ஒன்பது வருடம் படுக்கையில் இருந்தார்.

அப்பாவுக்கு இப்போது அறுபத்தாறு. கண் மங்கல் என்பதால் வருகிற கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன், பதிலும் நான்தான். அதனால் என் கையெழுத்து. நான் குட்வெய், அவர் மகள். கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டு முன்னறையில்தான் ஊரின் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் இருக்கிறது. நாற்பத்திரண்டு வீட்டு இணைப்பும் என் கையில். ஊரே என் காதில் பேசுகிறது, என்னோடு பேசுவதற்குத்தான் ஆள் இல்லை. முன்பின் அறியாதவரிடம் இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

மரியாதையுடன்,
குட்வெய் பியர்க்கோ


புந்தா அரேனாஸ்
25 நவம்பர் 1961

அன்புள்ள குட்வெய்,

நானும் நலம், என் கோழிகளும் நலம். உங்கள் கடிதத்தின் கடைசி வரியை ஏஜென்சியில் நின்றபடியே படித்து, எல்லார் முன்னாலும் அழுது மானத்தை வாங்கிக்கொண்டேன். 'தலைவலி' என்று முதலாளியிடம் பொய் சொன்னேன். அவர் மாத்திரை கொடுத்தார், அதையும் விழுங்கித் தொலைத்தேன்.

அப்பா விசாரித்தார்! நான் ஒருத்தி இருப்பதையே மறந்துவிட்டுத்தான் இருபத்தொன்பது வருடமாக அவர் வாழ்கிறார் என்று எண்ணியிருந்தேன்.

அடுத்த ஜூனில் ஹாம்பர்க் போய்ச் சேரும் சரக்குக் கப்பலில் எனக்கு இடம் கிடைக்கும். நாற்பது நாள் பயணம். அதற்குள் உங்கள் மொழியில் சில வார்த்தையாவது கற்றுக்கொள்ள வேண்டும். அவரோடு ஆங்கிலத்தில் பேசினால் சுங்க அதிகாரியிடம் பேசுவது போலிருக்கும். எல்லாம் வேண்டாம், ஒரு பயணிக்கு வேண்டிய அளவு போதும். முதலில் 'தயவுசெய்து' எப்படிச் சொல்வது?

உங்களுக்கும் அப்பாவுக்கும் என் அன்பு.

எல்விரா


தோர்விக்
10 ஜனவரி 1962

அன்புள்ள எல்விரா அவர்களுக்கு,

இங்கே கடலோரம் உறைந்து கிடக்கிறது, நாங்கள் சுகம். கோழிகளையும் விசாரித்தேன் என்று சொல்லுங்கள்.

முதல் கேள்விக்கே என்னிடம் பதில் இல்லை. 'தயவுசெய்து' என்று போகிற போக்கில் சொல்ல எங்களிடம் ஒரு வார்த்தையே கிடையாது. 'உப்பை எடு' என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் எடுத்துக் கொடுத்த பிறகு நன்றி சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். எங்கள் ஆட்கள் பேசுவதே கொஞ்சம், அதிலும் பாதி நன்றிதான். ஆகவே நன்றியில் ஆரம்பியுங்கள். 'தக்' என்றால் நன்றி. சாப்பிட்டு எழும்போது 'தக் ஃபொர் மாத்தன்', சாப்பாட்டுக்கு நன்றி. இதைச் சொல்லாமல் நாற்காலியை நகர்த்தவே கூடாது. யாராவது ஆள் மூலம் உங்களை விசாரித்திருந்தால், அவரை நேரில் பார்க்கும்போது அதற்கும் நன்றி உண்டு: 'தக் ஃபொர் ஹில்செனென்'. மறந்தால் மரியாதைக் குறைவு. தெரியாதவரைச் சந்தித்தால் கையைக் கொடுத்துக் குடும்பப் பெயரைச் சொல்ல வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

ஒவ்வொன்றின் கீழும் உச்சரிப்பை எழுதியிருக்கிறேன். வேலைக்கு நடுவில் எழுதினேன், நடுநடுவே 'இதோ இணைக்கிறேன்' என்று எழுதிவிட்டு அடித்திருப்பேன். மன்னிக்கவும்.

அப்பா விசாரித்தார்.

குட்வெய்


புந்தா அரேனாஸ்
19 பிப்ரவரி 1962

அன்புள்ள அக்கா,

அக்கா என்று எழுதிவிட்டேன். பிடிக்காவிட்டால் சொல்லுங்கள், அடித்துவிடுகிறேன். நீங்களும் 'அவர்களுக்கு' எல்லாம் போடாமல் வெறும் எல்விரா என்றே எழுதலாம்.

நலமாக இருக்கிறேன், நாக்குக்குத்தான் சுளுக்கு. காலையில் அடுப்புக்கு நன்றி, காற்றுக்கு நன்றி, பஸ் கண்டக்டருக்கு நன்றி. போன வாரம் உங்கள் நாட்டுக் கப்பல் ஒன்று கரி ஏற்ற வந்தது. மாலுமிகளிடம் சொல்லிப் பார்த்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் மட்டும், 'பரவால்லையே! எங்க ஊர்ப் பாதிரியார் மாதிரியே பேசுறீங்க' என்றான். இன்னொருவன் தானாக ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தான். தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், சரிதானா பாருங்கள்.

இப்போது முக்கியமானது. கதவைத் திறந்ததும் அவரிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும்? தெரியாதவர்களுக்குக் குடும்பப் பெயர் என்றீர்கள். நான் தெரியாதவளா? எனக்குப் பதினான்கு மாதம் ஆகும்வரை அவர் என்னைத் தூக்கி வைத்திருந்தார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

அப்பாவுக்கு என் முத்தங்கள்.

எல்விரா


தோர்விக்
4 ஏப்ரல் 1962

அன்புள்ள எல்விரா,

நலம்தானே? தாளின் பின்பக்கம் இருந்த வார்த்தையை மறந்துவிடு. அதை இந்த வீட்டில் சொன்னால் அப்பா எப்படியோ, அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வருவார். அந்த மாலுமி எந்த ஊர் என்று தெரிந்தால் எழுது, அவன் தாய்க்கு டெலிபோன் போட்டுத் தருகிறேன்.

உன் கேள்வியை ஒரு வாரம் யோசித்தேன். முன்பு சந்தித்தவரை மறுபடி பார்க்கும்போது நாங்கள் முதலில் சொல்வது 'தக் ஃபொர் சிஸ்ட்'. போன தடவை பார்த்ததற்கு நன்றி என்று அர்த்தம். போன தடவை நேற்றாக இருக்கலாம், இருபது வருடத்துக்கு முன்பாகவும் இருக்கலாம். மற்றவரும் அதையே திருப்பிச் சொல்வார். திருப்பிச் சொல்லாவிட்டால், உன்னை நான் பார்த்ததே இல்லை என்கிறார் என்று பொருள்.

பதினான்கு மாதக் குழந்தைக்கு இது பொருந்துமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூனில் இங்கே மழை அதிகம், அவ்வளவு தூரம் கடல் பயணம் உடம்புக்கு ஆகுமா என்பதையும் யோசி. அடுத்த வருடம் வந்தாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. கடிதம் எழுதிக்கொண்டே இருக்கலாம். உன் கடிதம் வரும் நாட்களில் நான் இணைப்புகளை மாற்றிச் செருகிவிடுகிறேன். போன முறை பாதிரியாரைக் கசாப்புக் கடைக்கு இணைத்துவிட்டேன்.

அப்பா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

குட்வெய்


ஹாம்பர்க் துறைமுகம்
17 ஜூன் 1962

அன்புள்ள அக்கா,

கப்பலில் எல்லாரும் வாந்தி, நான் மட்டும் கல் மாதிரி இருக்கிறேன். திமிங்கிலக்காரன் மகள் அல்லவா! வரும் சனிக்கிழமை மதியம் உங்கள் வாசலில் நிற்பேன். இரண்டு வாரம் தங்குவேன், பாத்திரம் நான் கழுவுவேன்.

'தக் ஃபொர் சிஸ்ட்' என்று நாற்பது நாளாகக் கடலிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன். அவர் அதை ஒரே ஒரு முறை திருப்பிச் சொன்னால் போதும், அக்கா. அடுத்த நிமிடமே என்னைத் திருப்பி அனுப்பினாலும் சிரித்துக்கொண்டே போவேன்.

மீதி நேரில்.

எல்விரா


தோர்விக்
9 ஜூலை 1962

அன்புள்ள எல்விரா,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? உன் புந்தா அரேனாஸ் விலாசத்துக்குத்தான் இதை அனுப்ப முடியும். நீ போய்ச் சேரும்போது இது உனக்காகக் காத்திருக்கும்.

இரண்டு வாரம் என்றவள் மறுநாள் காலை பால் லாரியில் ஏறிப் போனாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

உண்மையை எழுதிவிடுகிறேன். உன் முதல் கடிதத்தை அவர் எதிரில் நின்று சத்தமாகப் படித்தேன். என்ன இருக்கிறதென்று தெரியாமல்தான் ஆரம்பித்தேன். 'உங்களுக்கும் மகள்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அவர், 'முழுசாப் படி' என்றார். படித்தேன். 'அடுப்புல போடு' என்று சொல்லிவிட்டுப் படகுக் கொட்டகைக்குப் போய்விட்டார். அதன்பின் உன் பேச்சை எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. கடிதத்தை அடுப்பில் போடவும் இல்லை.

அவர் உன்னை ஒருமுறைகூட விசாரிக்கவில்லை, எல்விரா. எல்லாம் நான் எழுதியது. முதல் தடவை, வீட்டுப் பெரியவரின் விசாரிப்பு இல்லாமல் கடிதத்தை முடிப்பது மொட்டையாக இருந்ததால் எழுதினேன். அதற்குப் பிறகு, நீ எழுதுவதை நிறுத்திவிடக் கூடாதே என்று எழுதினேன். நீ வரும் விஷயத்தையும் சனிக்கிழமை காலையில்தான் அவரிடம் சொன்னேன். 'கப்பல் ஏஜென்சி ஆளு, தெக்கேருந்து வர்றாங்கப்பா' என்று. அவர் சட்டையை மாற்றிக்கொண்டார். நீ யார் என்று புரிந்துதான் மாற்றினார் என்று இப்போது நினைக்கிறேன்.

நீ வாசலில் நின்று 'தக் ஃபொர் சிஸ்ட்' என்றாய். ஒரு எழுத்துப் பிசகவில்லை. அவர் கையை நீட்டி, 'பியர்க்கோ' என்றார். உன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அடுப்பிலிருந்த உருளைக்கிழங்கைப் பார்க்கப் போய்விட்டேன்.

சாப்பாட்டு மேசையிலும் நீ விடவில்லை. நான் கற்றுக்கொடுத்தபடியே, மரியாதை குறையாமல், 'நீங்க ஒவ்வொரு தடவையும் விசாரிச்சதுக்கு நன்றி' என்றாய்.

'நான் எப்ப விசாரிச்சேன்?' என்றார் அப்பா. உன்னைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. என் தட்டில் கானாங்கெளுத்தி மீன் பாதி இருந்தது. அந்த மீனின் கண்ணுக்குள் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது எனக்கு.

பிறகு அவர் உன்னிடம் ஸ்பானிஷில் பேசத் தொடங்கினார். அவருக்கு ஸ்பானிஷ் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. முப்பத்தைந்து வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒரு சொல் கேட்டதில்லை. ஒரு மணி நேரம் பேசினார். என்னோடு ஒரு வருடத்தில் அவ்வளவு பேசியதில்லை. நான் பாத்திரம் கழுவினேன், துடைத்தேன், கழுவியதையே மறுபடி கழுவினேன். அடுப்படியில் நின்று உன்மேல் பொறாமைப்பட்டேன் என்றால் நம்புவாயா?

அவர் என்ன சொன்னார்? எனக்குச் சொல்வாயா?

உன் அக்கா,
குட்வெய்


தோர்விக்
12 செப்டம்பர் 1962

அன்புள்ள எல்விரா,

இரண்டு மாதமாக உன் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? கப்பல் நல்லபடி வந்து சேர்ந்தது என்று துறைமுக அலுவலகத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

இங்கே சுகம். அப்பா வலை பின்னுகிறார். நாங்கள் சாப்பிடும்போது கரண்டிச் சத்தம் மட்டும்தான். கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது. வெறும் உறையை அனுப்பினாலும் வாங்கிக்கொள்வேன்.

குட்வெய்


புந்தா அரேனாஸ்
15 அக்டோபர் 1962

அன்புள்ள அக்கா,

சுகமாக இருக்கிறேன். கோபம் இருந்தது, தீர்ந்துவிட்டது. பொய்யான விசாரிப்பு என்று தெரிந்த பிறகு பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். அந்த ஒரு வரியை விட்டுவிட்டுப் பார்த்தால் மீதி எல்லாம் நீங்கள் என்னை விசாரித்ததுதான். என்மேல் இவ்வளவு அக்கறையோடு இதுவரை யாரும் பொய் சொன்னதில்லை.

நான் எழுதாததற்குக் காரணம் வேறு. உங்களுக்கு இனிமேல் எழுதக் கூடாதென்று அவர் என்னைக் கேட்டுக்கொண்டார். மிகவும் மரியாதையாகக் கேட்டார். ஒரு மணி நேரமும் என்னை 'நீங்கள்' என்றுதான் பேசினார். அம்மாவின் சாவைப் பற்றிக் கேட்டார், வலி இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். பிறகு சொன்னார்: 'எனக்கு ஒரு மகள்தான். அவ அம்மாவ ஒன்பது வருஷம் பாத்துக்கிட்டவ. அவளுக்கு இந்த ஊர்ல நல்ல பேர் இருக்கு. நீங்க எழுதிக்கிட்டும் வந்துபோயிக்கிட்டும் இருந்தா அது கெட்டுரும்.' சரி, எழுத மாட்டேன் என்றேன். அவர் பேசிய ஸ்பானிஷ் எங்கள் பின்தெரு ஸ்பானிஷ், அக்கா. அம்மா இழுத்துப் பேசுவது போலவே இழுத்துப் பேசினார். அம்மாவின் பேச்சை முப்பது வருடம் வாயில் வைத்திருந்திருக்கிறார், என்னைத்தான் எங்கும் வைத்திருக்கவில்லை.

உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து மூன்று மாதம் எழுதாமல் இருந்தேன். அப்புறம் உங்கள் இரண்டாம் கடிதம் வந்தது. 'வெறும் உறை' என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அவருக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன். இதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதீர்கள்.

தங்கை,
எல்விரா


தோர்விக்
3 டிசம்பர் 1962

அன்புள்ள தங்கைக்கு,

உனக்குத் தந்தி அடித்திருக்க வேண்டும். தந்தியில் எழுத எனக்கு வாசகம் வரவில்லை. மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. அப்பா நவம்பர் 21ஆம் தேதி காலை படகுக் கொட்டகையில் விழுந்து இறந்துவிட்டார். மாரடைப்பு, வலி அதிகம் இருந்திருக்காது என்றார் டாக்டர். நீ கேட்பாய் என்று தெரிந்து நானே கேட்டேன்.

இங்கே ஒருவர் இறந்தால் பத்திரிகையில் அறிவிப்புப் போடுவோம். பெயர், வயது, கீழே பிள்ளைகளின் பெயர்கள். ஊரில் எல்லாரும் முதலில் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான். அதில் பெயர் இருந்தால் குடும்பம், இல்லாவிட்டால் இல்லை. பஸ் ஏறி டவுனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். பத்திரிகை ஆபீஸில் இருப்பவள் ரெய்தூன், என்னோடு படித்தவள். தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

'குட்வெய், இது யாருடி எல்விரா?'

'என் தங்கச்சி.'

'ஒனக்கு ஏதுடி தங்கச்சி? ஒங்கப்பாவுக்கு நீ ஒருத்திதானே?'

'ரெண்டு பேரு. போடு.'

'நல்லா யோசிச்சுக்கோ. நாளைக்கு ஊரே நாறிடும்.'

'தெரியும். என் எக்ஸ்சேஞ்ச் வழியாத்தானே நாறணும்? போடு.'

வந்த அறிவிப்பை நறுக்கி இத்துடன் வைத்திருக்கிறேன். 'எங்கள் அன்புத் தந்தை ஹல்வ்தன் பியர்க்கோ' என்று ஆரம்பித்து, கீழே உன் பெயரும் என் பெயரும். உனக்குப் படிக்கத் தெரிந்த அளவு நார்வேஜியன்தான் அதில் இருக்கிறது.

அது வந்த காலை நாற்பத்திரண்டு இணைப்பு விளக்குகளும் ஒரேயடியாக மின்னத் தொடங்கின. வடக்கு வீடு தெற்கு வீட்டைக் கேட்டது, கசாப்புக் கடை பாதிரியார் வீட்டைக் கேட்டது. என்னைப் பற்றிப் பேசுவதற்கு என்னிடமே இணைப்புக் கேட்டார்கள். நானும் 'இதோ இணைக்கிறேன்' என்று ஒவ்வொன்றாகச் செருகிக் கொடுத்தேன். அப்பா காப்பாற்ற நினைத்த அந்த நல்ல பெயர் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. அதை நான் ஒருபோதும் கேட்டதில்லை, எல்விரா. அவர் என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். உன்னோடு ஒரு மணி நேரம் பேசியவர் அதில் ஐந்து நிமிடத்தை என்னோடு பேசியிருக்கலாம்.

தேவாலயத்தில் முதல் பெஞ்சு பிள்ளைகளுக்கு. நான் உட்கார்ந்து பக்கத்தில் என் மேல்கோட்டை மடித்து வைத்தேன். இங்கெபோர் அத்தை வந்து கோட்டை எடுக்கப் பார்த்தார். அப்பாவின் ஒரே தங்கை அவர். 'தள்ளி ஒக்காரு. அண்ணன் மானத்தத்தான் பேப்பர்ல ஏத்திட்டே, எனக்கு எடமாவது குடு' என்றார்.

'அது எல்விரா எடம் அத்தை. நீங்க பின்னால ஒக்காருங்க' என்றேன்.

போய் உட்கார்ந்தார். பாட்டு முழுக்க என் முதுகுக்குப் பின்னால் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தார். ஆறு பேர் உட்காரும் பெஞ்சில் நானும் கோட்டும் மட்டும் இருந்தோம். பெட்டியை இறக்கும்போதும் எனக்குக் கண்ணீர் வரவில்லை. அவர்மேல் எனக்கு இன்னும் கோபம்.

கல்லறையில் எல்லாரும் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். பலர் என் கண்ணைப் பார்க்கவில்லை. கடைசியில் தோரா வந்தாள். சாலையின் அடுத்த வளைவில் இருப்பவள், அறிவிப்பு வந்த அன்று மட்டும் பதினோரு தடவை இணைப்புக் கேட்டவள். என்ன குத்தப் போகிறாளோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கையைப் பிடித்தாள், விடவில்லை.

'தங்கச்சியால வர முடியலயா?' என்றாள்.

'ரொம்ப தூரம், தோரா' என்றேன். அப்போதுதான் அழுகை வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பனியில் நின்று அழுதேன்.

அக்கா
குட்வெய்